கண்ணாடி வெளுக்கும் வரை

ஒரு கத்தியை வெந்நீர்த் தொட்டியில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கக் குனியும் அந்த மூன்று விநாடி அக்காவுக்குக் கண் தெரியாது. தொட்டியிலிருந்து எழும் ஆவி முகத்தில் அடித்து, மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிடுகிறது. அவர் துடைப்பதில்லை. முகக்கவசத்துக்குள் "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று முணுமுணுக்கிறார். கண்ணாடி தெளிகிறது. அதற்குள் கொக்கியில் தொங்கியபடி அடுத்த மாடு அவர் எதிரே வந்து நிற்கிறது. சுத்தமான கத்தியோடு நிமிர்கிறார். காலையிலிருந்து நானும் மூலையில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். இது நாற்பத்தோராவது தடவை.

அந்த மாட்டிறைச்சிக்கூடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. 'எண்பத்திரண்டு' என்றால்தான் திரும்புகிறார். இளையவர்கள் 'எண்பத்திரண்டு அக்கா' என்கிறார்கள். அது வயது என்று நினைத்துவிடாதீர்கள், ஐம்பத்து மூன்றுதான் ஆகிறது. கத்தியை முக்கும் தண்ணீர் எண்பத்திரண்டு டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும் என்பது கூடத்தின் சட்டம். சட்டத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் சுவரைவிட அக்கா சத்தமாகச் சொல்வார். "எண்பத்தொண்ணுன்னா பரவாயில்லையாக்கா?" என்று யாரோ ஒருநாள் சீண்டினாராம். "உன் கால்ல ஒரு விரல் கொறஞ்சா பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்தாராம்.

அவருடைய வேலை தோலில் முதல் கீறல் போடுவது. கேட்க எளிது. மாட்டின் வெளித்தோலில் சாணமும் சேறும் காய்ந்து அப்பியிருக்கும். ஆபத்தான கிருமி குடியிருப்பது அங்கேதான். உள்ளே இருக்கும் இறைச்சியில் கிருமி கிடையாது. வெளியே இருப்பதை உள்ளே கொண்டு சேர்க்கும் வண்டி கத்திதான், இல்லாவிட்டால் கை. ஆகவே தோலைக் கீறிய கத்தி அப்படியே இறைச்சிக்குப் போகக் கூடாது. அது வெந்நீருக்குப் போக வேண்டும், ஏற்கெனவே வெந்நீரில் கிடந்தது கைக்கு வர வேண்டும். கையுறையைக் கழுவ வேண்டும். பிறகு கத்தியை உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓட்டி, தோலை மடித்துப் பிடித்து உரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்று இருபது மாடு. ஒவ்வொன்றுக்கும் இதே வரிசை, ஒன்று குறையாமல்.

கிருமிகளை அவர் 'சம்பந்தி வீட்டுக்காரங்க' என்கிறார். "சொல்லாம கொள்ளாம வருவாங்க. ஒருத்தர் வந்தா பின்னாலயே ஒரு பட்டாளம் வரும். வந்தப்புறம் அனுப்பறது கஷ்டம் தங்கச்சி. வாசல்லயே நிறுத்திடணும்." இதைச் சொல்லும்போது அவருடைய சொந்தச் சம்பந்தியம்மாள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே, "நான் போன் பண்ணிட்டுத்தானே வந்தேன்!" என்றார்.

அது அவருடைய வீட்டில். அந்த வீட்டில் வாசல் கதவுக்கு வெளியே ஒரு குழாய் உண்டு. முழங்கைவரை கழுவாமல் அழைப்புமணியைத் தொட முடியாது. சமையலறையில் இரண்டு பலகை, இரண்டு கத்தி. சிவப்புப் பிடி இறைச்சிக்கு, வெள்ளைப் பிடி மற்றதற்கு. உதவுகிறேன் பேர்வழி என்று நான் சிவப்புப் பிடியை எடுத்து வெங்காயம் நறுக்கப் போனேன். அக்கா என் கையிலிருந்து கத்தியை வாங்கி, வெங்காயத்தையும் வாங்கி, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்துவிட்டு, "நீங்க போய் உக்காருங்க" என்றார். அவருடைய வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். "உங்களை உக்காரச் சொன்னதோட விட்டா. என்னையெல்லாம் வாரத்துக்கு ஒருதடவ வெந்நீர்ல முக்கி எடுக்கறா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குக் கால் தள்ளாடும். 'வாசலிலேயே விழுந்துவிடுவாய்' என்றுதான் பத்திரிகை ஆசிரியரும் சொன்னார். ஆனால் ஐந்து வருடங்களுக்கு முன்னால், என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, கடையில் வாங்கிய அரைத்த இறைச்சியை வட்டமாகத் தட்டிப் பொரித்துக் கொடுத்தேன். மேலே நன்றாகச் சிவந்திருந்தது. நடுவில் வேகவில்லை, அதை நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு, நான்காம் நாள் அதில் ரத்தம், ஏழாம் நாள் சிறுநீரகம் நின்றுபோனது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். குழந்தை பிழைத்துவிட்டாள். இன்று என்னை எதிர்த்துப் பேசும் அளவுக்கு நன்றாக இருக்கிறாள். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேலேதான் ஒட்டியிருக்கும், சட்டியின் சூட்டில் செத்துவிடும், அரைத்தால் மேலே இருப்பது நடுவுக்குப் போய்விடும் என்று அந்தப் பதினோரு நாளில்தான் கற்றுக்கொண்டேன். யாரோ ஒருவர் எங்கோ ஒரு கத்தியை மாற்றாமல் விட்டிருக்கிறார் என்று அப்போது மனதுக்குள் திட்டியிருக்கிறேன். மாற்றுகிற ஒருவரைப் பற்றி இந்த வருடம்தான் கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பள்ளிகளின் மதியச் சாப்பாட்டுக்கு அரைத்த இறைச்சி போக வேண்டிய நாள். லாரி வாசலில் நின்றது. எந்தப் பள்ளிகள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இதை எழுத எனக்குக் கை ஓடியிருக்காது.

அக்கா வழக்கம்போல் குனிந்தார். கண்ணாடி வெளுக்கவில்லை. ஓரத்தில் மட்டும் லேசாக மங்கியது. சுவரிலிருந்த மீட்டர் எண்பத்திரண்டு காட்டியது.

"மொதல்ல நான் எங்க வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்பட்டேன்" என்கிறார். முந்தின நாள் மாலை அவர், பாவம், மனைவி கண் தெரியாமல் கத்தியோடு நிற்கிறாளே என்று கண்ணாடியில் சோப்புத் தடவித் துடைத்துக் கொடுத்திருந்தார். சோப்புப் போட்டுத் துடைத்தால் ஆவி படியாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "அதுதான் போலன்னு நெனச்சு ஆறு மாட்டை விட்டுட்டேன் தங்கச்சி. ஆறு! இன்னிக்கும் அந்த ஆறு என் தொண்டையில நிக்குது."

ஏழாவது மாடு வந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த அவசரத்திலும் முதலில் கையைக் கழுவினார். ஓரமாகப் போய், கண்ணாடியைக் கழற்றி, முகக்கவசத்தை இறக்கி, 'ஹா' என்று அதன்மேல் ஊதினார். கண்ணாடி பளிச்சென்று வெளுத்தது. சோப்பு எப்போதோ போய்விட்டிருக்கிறது. தப்பு கண்ணாடியில் இல்லை, தண்ணீரில். மறுபடியும் கையைக் கழுவிவிட்டு வந்து, தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மாடுகளை நகர்த்தும் லைன் நின்றது. தொங்கிக்கொண்டிருந்த மாடுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் ஆடி நின்றன.

மேலாளர் மாடிப்படியில் இரண்டு இரண்டாக இறங்கி வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"தண்ணி சூடு பத்தல சார்."

"மீட்டர் எண்பத்திரண்டு காட்டுதே!"

"மீட்டர் காட்டுது சார். கண்ணாடி காட்டல."

இந்தப் பதிலை மேலாளர் எனக்கே நடித்துக் காட்டினார். இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. தண்ணீரில் விட்டுப் பார்க்கும் கைத் தெர்மாமீட்டர் பரிசோதகரிடம் இருந்தது. அவர் குளிர் அறைகளைச் சோதிக்க அடுத்த கட்டடத்துக்குப் போயிருந்தார். அவர் வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அதுவரை அக்கா பொத்தானை விட்டு நகரவில்லை. பரிசோதகர் தொட்டியில் விட்டுப் பார்த்தபோது ஐம்பத்து நான்கு. "இருபது நிமிஷம் நின்னா எந்தத் தண்ணிதான் ஆறாது?" என்றார் மேலாளர். அதுவும் நியாயமான கேள்விதான். தொட்டிக்கு வெந்நீர் விடும் வால்வை முழுக்கத் திருகிவிட்டதும் தண்ணீர் பழையபடி எண்பத்திரண்டுக்கு ஏறிவிட்டது. அக்கா சொன்னதற்கு ஒரு சாட்சியும் மிச்சமில்லை.

"நான் ஒண்ணுதான் கேட்டேன். அந்த ஆறையும் ஒதுக்கி வைங்க, பஞ்சால துடைச்செடுத்துச் சோதனைக்கு அனுப்புங்க. ஒண்ணும் இல்லன்னு வந்தா நானே வேலைய விட்டுப் போயிடறேன்." மேலாளர் கோபத்தில் இருந்தார். "சரி. முடிவு வர்ற வரைக்கும் வீட்ல இரும்மா" என்று அனுப்பிவிட்டார். ஆறு உடல்களும் சிவப்பு அட்டை கட்டிக்கொண்டு குளிர் அறையில் தனியே தொங்கின. லாரி பாதிச் சுமையோடு கிளம்பியது.

இருபத்தொரு வருட வேலை. அந்த இரண்டு நாளும் அக்கா வீட்டில் இருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்துப் போட்டுக் கழுவினாராம். வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவே பயந்து, பேருந்தை ஒருநாள் நேரத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார். "கிருமி இருக்கணும்னு வேண்டிக்கறதா, இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கறதா? இருந்தா வேலை நெலைக்கும். ஆனா இருக்கணும்னு நான் எப்படி வேண்டுவேன்? எதையும் வேண்டாம பாத்திரம் கழுவினேன்" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஆறில் இரண்டில் இருந்தது. என் மகளைப் படுக்கவைத்த அதே வகைக் கிருமி. முந்தின நாள் கண்ணாடி வெளுத்துக்கொண்டிருந்தபோது போன மாடுகளையும் சோதித்திருந்தார்கள், அவற்றில் ஒன்றிலும் இல்லை. குழாய்க்காரர் வால்வைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு அப்பி, வழக்கமாகத் திறக்கும் அளவில் நூல் கனத்துக்குத்தான் தண்ணீர் வழி இருந்தது. மீட்டர் வால்வுக்கு முன்னாலேயே பொருத்தப்பட்டிருந்ததால், குழாயின் சூட்டை ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தொட்டியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மேலாளர் அன்றே அக்காவின் வீட்டுக்கு நேரில் போனார். வாசலில் முழங்கைவரை கழுவினார். மணியை அடித்தார்.

இப்போது மீட்டரைத் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கைத் தெர்மாமீட்டர் அக்காவின் தூணிலேயே தொங்குகிறது. அதுவும் போதாதென்று, காலையில் அக்கா கையை உயர்த்தினால்தான் லைன் ஓட வேண்டும் என்று மேலாளர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்.

நான் அங்கே இருந்த இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். மேலாளர் நாலு வார்த்தை பேசினார். நன்றாகப் பேசவில்லை, பாதியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே புதுக் கண்ணாடி. அக்காவின் பார்வை அளவை வீட்டுக்காரரிடம் ரகசியமாகக் கேட்டு வாங்கிச் செய்ததாம். உலகத்தில் எந்த ஆவிக்கும் மங்காத கண்ணாடி. "இனிமே நீங்க கண்ணு தெரியாம நிக்க வேண்டாம்மா" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டும்போதே எனக்கு ஏதோ இடித்தது, ஆனால் அந்த அறையில் அத்தனை பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அக்கா போட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நீங்கள்லாம் இவ்ளோ அழகா இருப்பீங்கன்னு இத்தன நாளா தெரியாமப் போச்சே" என்றார். அறையே சிரித்தது. என் பங்குக்கு நானும் நன்றி சொல்ல நினைத்து, மகளைப் பற்றிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப நல்லா சாப்பிடுதா?" என்று மட்டும் கேட்டார். "வஞ்சனை இல்லாமச் சாப்பிடறா" என்றேன். "அது போதும்" என்றார். என் வாழ்க்கையில் நான் சரியான ஆளுக்கு நன்றி சொன்ன தருணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை புதுக் கண்ணாடியோடுதான் வந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். உடை மாற்றும் அறையில் அதைக் கழற்றி, துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சட்டைப் பையிலிருந்து பழையதை எடுத்தார். ஒரு காது உடைந்து நூல் கட்டியிருந்த கண்ணாடி. போட்டுக்கொண்டு கூடத்துக்குள் போனார். கையைக் கழுவினார். மேலாளர் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கண்ணாடியைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார்.

அக்கா தொட்டியின்மேல் குனிந்தார். இரண்டு பக்கமும் வெளுத்தது. ஒன்றும் தெரியாத அந்த முகத்தோடு நிமிர்ந்து, வலக்கையை உயர்த்தினார்.