அம்மன் கேட்ட ஹாரன்

வேலைக்கு மனுப்போடும் படிவங்களில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். என் வாழ்க்கையில் இருபத்தோரு நாட்கள் நான் தெய்வமாக இருந்திருக்கிறேன். எழுதினால் வேலை கிடைக்காது என்பதால் எழுதியதில்லை. எழுதாமலும் பல இடங்களில் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. எனக்கு ஒன்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்கு இடம் இருந்தால் ஆளுக்கு இடமில்லை, ஆளுக்கு இடம் இருந்தால் தறிக்கு இடமில்லை என்று அப்பாவும் சித்தப்பாவும் காஞ்சிபுரத்தின் கிழக்கு ஓரத்தில், வயலா தெருவா என்று இன்னும் முடிவாகாத ஓர் இடத்தில், ஓட்டு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு குடிவந்திருந்தார்கள். அங்கே அமைதியாக இருக்கும் என்பது சித்தப்பாவின் கணிப்பு. இரண்டு வருஷம் இருந்தது. பிறகு வாலாஜாபாத் சாலையில் ஒரு மதகை இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அது முடிகிறவரை பஸ், லாரி எல்லாம் எங்கள் தெரு வழியாகப் போகட்டும் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்தார். அவர் வீடு வேறு தெருவில் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்து பஸ்களில் டிரைவர் கைக்கு எட்டும்படி வெளியே ஒரு பித்தளைக் குழலும் ரப்பர் உருண்டையும் இருக்கும். உருண்டையைப் பிசைந்தால் 'பாம்' என்று அலறும். எங்கள் தெரு குறுகல். ஆடு, கோழி, சைக்கிள், கீழே பார்த்துக்கொண்டே நடக்கும் பெரியவர்கள் என்று பிசைவதற்குக் காரணங்களுக்குக் குறைவில்லை. முந்தானையில் பூ எடுக்கும்போது அப்பா இழைகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே போவார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, பாம். மறுபடி ஒன்றிலிருந்து. அந்த வருஷம் எங்கள் தெருவில் நெய்த மயில்களில் சிலவற்றுக்குக் கால் கோணலாக இருந்திருக்கும். அவற்றைக் கட்டிக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

சத்தத்தை ஒழிக்கும் பொறுப்பு சித்தப்பாவிடம் வந்தது. வீட்டில் பத்திரிகை படிக்கிறவர் அவர்தான். கடவுள் இல்லை என்கிற கட்சி வேறு. எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் நல்ல தமிழில் மனு எழுதினார். பதில் வரவில்லை. 'ஒலி எழுப்பாதீர்' என்று பலகை எழுதித் தெருமுனையில் நட்டார். டிரைவர்கள் வண்டியை நிறுத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். நின்று படித்தவர்களைப் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து நகர்த்தினார்கள். பிறகு வேகத்தைக் குறைக்கிறேன் என்று சாலைக்குக் குறுக்கே செம்மண் மேடு போட்டார். வண்டிகள் அதில் ஏறிக் குதித்தன. அதுவரை ஹாரன் மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தது, இப்போது லாரியில் இருந்த இரும்புக் கம்பிகளும் சேர்ந்துகொண்டன.

"இன்னாபா, இருந்த சத்தம் பத்தலன்னு நீயும் கொஞ்சம் சேத்துக்கினியா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். சித்தப்பா ஏதோ பதில் சொன்னார். ஒரு லாரி குதித்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் என் முதுகில் முதல் கொப்புளம் வந்தது. மறுநாள் முகமெல்லாம். சின்னம்மை. தங்கையைச் சித்தியோடு சித்தியின் பிறந்தகத்துக்கு அனுப்பினார்கள். என்னைச் சாலையைப் பார்த்த முன்னறையில் வேப்பிலைமேல் படுக்க வைத்தார்கள். வாசலில் ஒரு கொத்து வேப்பிலை செருகினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து நான் நான் இல்லை. அம்மை வந்த உடம்பில் இருப்பது அம்மன். அதனால் வீட்டில் தாளிப்பு கிடையாது, உரத்த பேச்சு கிடையாது, வெளி ஆள் வரக்கூடாது. அதட்டலும் கிடையாது. நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்ட அம்மா, "தாயே, எளனி குடிக்கறியாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் வந்த முதல் பஸ்ஸின் டிரைவர் வாசல் வேப்பிலையைப் பார்த்தார். ரப்பர் உருண்டையில் வைத்திருந்த கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ் சத்தமில்லாமல் போயிற்று. பின்னால் வந்த லாரியும் அப்படியே. பல் துலக்கிக்கொண்டு நின்ற சித்தப்பா இதைக் கண்டார். மத்தியானத்துக்குள் தெருவின் இரண்டு முனையிலும் சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் ஏறிவிட்டது. கடவுள் இல்லை என்பவர் கட்டியது என்பதால் முடிச்சுகள் உறுதியாக இருந்தன.

தெரு அடங்கியது. பஸ்கள் பூனை மாதிரி போயின. கண்டக்டர்கள் விசில் ஊதாமல் தகரத்தைத் தட்டினார்கள். லாரிகள் செம்மண் மேட்டைக் குழந்தையைத் தாண்டுவதுபோல மெல்லத் தாண்டின. "மனுவுக்கு மசியாதவனுங்க வேப்பிலைக்கு மசியறானுங்க பாருபா," என்று எதிர்வீட்டுக்காரர் சித்தப்பாவின் முதுகில் தட்டினார். அப்பாவின் மயில்கள் நேராக நின்றன.

எனக்குத்தான் ஒன்றுமில்லாமல் போயிற்று. கோடை விடுமுறை. பின்தெருவில் பையன்கள் கோலி ஆடும் சத்தம் வரும். தெய்வத்தோடு கோலி ஆட யாரும் வரமாட்டார்கள். காய்ச்சல் அடித்த முதல் நாள், ஹாரன்கள்தாம் எனக்குத் துணையாக இருந்தன. கல் லாரிக்கு ஜலதோஷக் குரல். காலை எட்டு மணி பஸ் யாரையோ திட்டுவது மாதிரி இருக்கும். பதினோரு மணிக்கு வரும் தென்னேரி பஸ் இருமிவிட்டுத்தான் பேசும். ஒவ்வொன்றாக வந்து என்னை விசாரித்துவிட்டுப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர்களும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வந்தவள் அம்மா ஒருத்திதான். மத்தியானத்தில், நூல் சுற்றும் வேலை முடிந்ததும், என் கால்மாட்டில் வந்து உட்காருவாள். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அம்மாவும் பேசத் தெரியாதவள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அம்மனிடம் பேசினாள். தாழ்ந்த குரலில், நிறுத்தாமல்.

பெரும்பாலும் தென்னேரியைப் பற்றி. அவளுடைய ஒரே அக்காவை அங்கே கொடுத்திருந்தது. சித்தப்பா கல்யாணத்தில் பெரியம்மா வீட்டாருக்குத் தாம்பூலம் முறைப்படி தரவில்லை என்று பெரியப்பா பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டார். அவர்கள் வாசற்படியை இனி மிதிக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நான்கு வருஷம் ஆகியிருந்தது.

"அக்கா மவளுக்குப் பொண்ணு பொறந்திருக்குதாம் தாயே. மூக்கு என்னை மாதிரியாம். கோலப்பொடி விக்கறவ சொன்னா. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியணும்."

எனக்குக் கூச்சமாக இருக்கும். "அம்மா, நான்தாம்மா," என்பேன்.

"தெரியும் தாயே," என்பாள். மேலே பேசிக்கொண்டு போவாள்.

பத்தாம் நாள் கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை எடுத்துவிட்டால் அம்மன் புறப்பட்டுவிட்டதாக அர்த்தம், நானும் கோலி ஆடப் போகலாம். ஆனால் ஊற்றுவதாக இல்லை. "செவ்வாக்கெழமை ஆவாது அண்ணி," என்றார் சித்தப்பா. எரிக்க வேண்டியது என்று முன்பு சொன்ன பஞ்சாங்கத்தை எங்கேயோ இரவல் வாங்கிவந்து புரட்டினார். அடுத்த நாளுக்கு நட்சத்திரம் சரியில்லை. அதற்கடுத்து அமாவாசை. எதிர்வீட்டுக்காரர் தெருவில் நின்றபடியே, "ஆத்தாவ அவசரப்படுத்தாதீங்கம்மா, இருந்துட்டுப் போவட்டும்," என்று சிபாரிசு செய்தார். அப்பா இரண்டு புடவைகளைப் பிழையில்லாமல் முடித்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. நான் அம்மாவை நம்பியிருந்தேன். அவளும், "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுங்க," என்றாள். எல்லோருமாகச் சேர்ந்து அமைதிக்காக என்னைப் பலி கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். மற்றவர்கள் விஷயத்தில் என் முடிவு சரி.

பதினேழாம் நாள் காலை பதினோரு மணிக்கு, முன்னால் போன வைக்கோல் வண்டி ஒன்று நின்றுவிட, தென்னேரி பஸ் என் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. டிரைவர் கைநீட்டும் தூரத்தில் இருந்தார். பெரிய மீசை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழகியவரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டேன். நாள் கணக்கில் சரியாகப் பேசாததால் குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல வந்தது.

"ஹாரன் அடி."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். சீவாத தலை, மஞ்சள் பூசிய முகம், அதில் தழும்புகள், சுற்றிலும் வேப்பிலை. தொப்பியைக் கழற்றினார்.

"எத்தினி தபா, தாயே?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "மூணு," என்றேன்.

மூன்று முறை அடித்தார். இருமலோடு. பஸ்ஸுக்குள் பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. இரண்டு வாரத்துக்கும் மேலாக என்னிடம், எனக்காக, ஒருவர் பேசியது அதுதான்.

மறுநாளைக்குள் வாலாஜாபாத் முதல் ஓரிக்கை வரை எல்லா டிரைவருக்கும் செய்தி போய்விட்டது. காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே ஒரு வீட்டில் அம்மன் ஹாரன் கேட்கிறாள். கோயிலில் மணி அடிப்பதுபோல ஒவ்வொரு வண்டியும் தோரணத்தடியில் நின்று மூன்று முறை அடித்தது. போகும்போது மூன்று, வரும்போது மூன்று. பிரேக் சரியில்லாத ஒரு லாரிக்காரர் வேண்டிக்கொண்டு ஒன்பது அடித்தார். சைக்கிள்காரர்கள் மணியடித்தார்கள். எங்கள் வழியாகப் போகத் தேவையில்லாத வண்டிகளும் சுற்றிக்கொண்டு வந்தன.

சித்தப்பா தெருவில் ஓடினார். "அடிக்காதீங்கபா! ஆத்தா தூங்கறாங்க!"

"ஆத்தாவே கேட்டாங்கபா. நீதான் சாமி இல்லன்றவனாச்சே, உனக்கின்னா தெரியும்?" என்றார் ஒரு டிரைவர். அடித்தார்.

சித்தப்பா நேராக என் அறை வாசலுக்கு வந்தார். "நீயாடா சொன்ன?"

"அங்க நின்னுக்கினு டா போடாத தம்பி," என்றாள் அம்மா அவருக்குப் பின்னாலிருந்து. "ஆத்தா இருக்காங்க."

தோரணம் சித்தப்பா கட்டியது. "சொன்னீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பன்மை வாழ்க்கையில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு முறைதான். அடுத்த முகூர்த்தத்திலேயே தண்ணீர் ஊற்றுவது என்று தீர்மானமாயிற்று. பஞ்சாங்கத்தில் தடை எதுவும் இல்லை.

இருபத்தோராம் நாள் மத்தியானம் அம்மா வந்தாள். கால்மாட்டில் உட்காரவில்லை, நின்றாள். நான் ஜன்னலில் இருந்தேன். பக்கத்து அறையில் அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"தாயே, நாளைக்கிப் போயிடுவ. எத்தினியோ பஸ் போவுது, நீ தென்னேரி பஸ்ஸைத்தானே நிறுத்திப் பேசின? எனக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு தெரியல. அதான் கேக்கறேன். நான் ஒரு தபா அக்காவைப் பாத்துட்டு வரட்டுமா? நீ சொல்லிட்டா யாரும் குறுக்க பேசமாட்டாங்க. சத்தமாச் சொல்லு."

தறி நின்றது.

வெளியே கல் லாரி வந்து தோரணத்தடியில் நின்றிருந்தது. ஜலதோஷக் குரலில் ஒன்று. இரண்டு. நாளையிலிருந்து இதெல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட விடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கையைக் காட்டி, "இரும்மா," என்றேன்.



"சரி தாயே," என்றாள் அம்மா. "இருக்கறேன்."

இருந்தாள். மதகு கட்டி முடிந்து பஸ்கள் பழைய பாதைக்குத் திரும்பிய பிறகும், அப்பாவே மனம் இளகி ஒரு பொங்கலுக்குப் போய்விட்டு வரச் சொன்னபோதும், பெரியம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று ஆள் வந்தபோதும். கேட்டவர்களிடம், உத்தரவு இல்லை என்று மட்டும் சொல்வாள். யார் உத்தரவு என்று நான் கேட்க நினைத்தபோது எனக்குக் கல்யாண வயது வந்திருந்தது, பெரியம்மா இல்லை.

ஆனால் அன்று மத்தியானம் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. லாரிக்காரன் மூன்றாவதை அடிக்காமலேயே கிளம்பிப் போய்விட்டான். எனக்குத் தாங்கவில்லை. கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பி வந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அவள் கண்ணும் ஈரமாக இருந்தது.

"அழாத தாயே," என்றாள். "நீ இன்னா பண்ணுவ?"

லாரிக்காரன் ஏமாற்றிவிட்டுப் போனது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.