அக்கா கழற்றிய டிஃபரன்ஷியல்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தங்கை எழுதுகிறேன். நேரில் நான் அக்காவை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவேன். அச்சில் அப்படி எழுதினால் சபையில் தலைகாட்ட முடியாது என்பதால் மரியாதையோடு எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது காட்டை ஒட்டிய கௌதள்ளிக் கிராமத்தில். அப்பாவுக்கு மழையை நம்பிய கொஞ்சம் நிலம். மழை வராத வருடங்களில் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கா நர்ஸ் பயிற்சிக்காக மைசூருக்கு பஸ் ஏறினார்கள். என்னைப் படிக்க வைத்து டீச்சராக்கியது அவர்கள் சம்பளம். ஓய்வு பெறும்வரை ஆபரேஷன் தியேட்டரில்தான் வேலை. அவர்கள் கண்ணில் படாமல் அங்கே ஒரு பஞ்சு கூட இடம் மாறாது. வீட்டிலும் அப்படித்தான். கழுவிய டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடி கழுவுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் அடக்க ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போதே ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. அக்காவுக்கு வயதான காலத்தில் கார்ப் பைத்தியம் பிடித்ததாம், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார்களாம், அதனால்தான் போய்விட்டார்களாம். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கூடவே இருந்தவள் நான். நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அந்தக் கார் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தான் குடகில் ஒரு காப்பித் தோட்டத்துக்காரரிடம் வாங்கிய பழைய அமெரிக்க வண்டி, படகு மாதிரி நீளம். அத்தான் ஓட்டுவார், அக்கா கழற்றுவார்கள். அத்தான் காலமான பிறகு ஓட்டுவதும் கழற்றுவதும் அக்காவே. அந்த வண்டியின் பின் ஆக்சிலில் ஒரு விசேஷம் உண்டு. சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். இதில் இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் பிளேட்டுகளை அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, நிற்கிற சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கும். அதனால்தான் மழைக்காலத்திலும் கௌதள்ளிக் காட்டுப் பாதையில் தைரியமாகப் போய்வந்தோம்.

கடைசியாகப் போனபோது வண்டி சேற்றில் நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் தள்ளினார்கள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். வலது சக்கரம் பேய் மாதிரி சுற்றுகிறது, இடது சக்கரம் அசையவே இல்லை. "பிளேட்டு தேஞ்சு போச்சுடீ" என்றார்கள். சொல்லும்போதே மூச்சு வாங்கியது. வண்டி நின்ற கவலையில் அதை நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் டாக்டரிடம் காட்டினோம். இதயத்தில் வால்வு பழுது, மாற்றியே ஆக வேண்டும், அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். ஆபரேஷனுக்காக ஒரு திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். அக்கா மகன் டேனியல் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புது பிளேட்டுப் பெட்டி அந்தத் திங்களுக்கு முந்தைய வாரம் வந்து தொலைத்தது. அன்றைக்கே அக்கா வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டார்கள்.

நான் கத்தினேன். "ஆபரேஷன் முடிஞ்சு வந்து பண்ணிக்கோயேன்! யார் வேணாம்னா?"

"சும்னிருடீ. நான் திரும்பி வராமப் போனா? டேனியல் பாகம் பாகமா வித்துடுவான்" என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றால் குனிந்து பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். "அக்கா!" என்றால் "இருக்கேன்" என்பார்கள். கனமான பாகத்தை இறக்கவும் ஏற்றவும் பக்கத்து வீட்டு மஞ்சுநாத்தும் டேனியலும் கைகொடுத்தார்கள். மற்றதெல்லாம் அக்கா. பழைய பிளேட்டுகள் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தன. புதியவற்றைப் பெட்ரோலில் அலசி, வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, பச்சைத் துணி விரித்து வரிசையாக வைத்தார்கள். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அவ்வளவு சுத்தமாக அடுக்கி மூடினார்கள். ஞாயிறு மதியம் எண்ணெய் ஊற்றியாயிற்று. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புது பிளேட்டு பழகுவதற்கு மெதுவாக எட்டு போட வேண்டும், லைசென்ஸுக்குப் போடுவோமே அதே மாதிரி. நான் வேலை பார்த்த பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். அக்கா ஓட்டினார்கள், நான் பக்கத்தில், டேனியல் பின்னால். நேராகப் போனவரை பூ மாதிரி போனது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். வண்டி முழுக்க உதறியது. பின் டயர் மண்ணை வாரி இழுத்தது. இடது பக்கம் திருப்பினாலும் அதே உதறல். அக்கா வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார்கள். முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் இதயம்தான் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"ஊறப்போடலை. துடைச்சுட்டேன்" என்றார்கள் அக்கா.

அந்த பிளேட்டுகளை எண்ணெயில் நன்றாக ஊற வைத்துத்தான் அடுக்க வேண்டும். அக்காவுக்குத் தெரியாததா? பலமுறை செய்தவர்கள்தான். ஆனால் அந்த வாரம் மனசு ஆஸ்பத்திரியில் இருந்தது போல. கை தன் பழக்கத்தில் தியேட்டர் சாமான் மாதிரி துடைத்துக் காய வைத்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பிளேட்டு கருகிவிடும். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

"டாக்டருக்குப் போன் போடு. ஒரு வாரம் தள்ளிக்கலாம்னு சொல்லு" என்றார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! கதவைத் திறந்து இறங்கி, மைதானம் என்றும் பார்க்காமல் கத்தினேன். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? காரு ஒரு வாரம் கிடந்தா செத்தா போயிடும்?"

"யாரையாவது வயித்தைத் திறந்தபடி தியேட்டர்ல விட்டுட்டு நான் வீட்டுக்கு வந்திருக்கேனா? மூடாம வர மாட்டேன்."

"அது இரும்பு அக்கா! இங்க மூச்சு விட முடியாம நிக்கிறது நீ! எனக்கு உன்னை விட்டா யார் இருக்கா?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. இத்தனை வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதேன். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் ஆரம்பித்தது.

அப்போது பின்சீட்டிலிருந்து டேனியல், "அம்மா, நான் திறக்கறேன்" என்றான். காரை விற்றுவிடலாம் என்று வருடக்கணக்காக நச்சரித்தவன். பிளக் கூட மாற்றத் தெரியாது.

"உனக்கு ஸ்பேனர் சைஸ் தெரியுமாடா?"

"தெரியாது. நீங்க போங்க. நான் திறந்து ஊறப்போடறேன். ஆர அமர மூடறேன். விக்க மாட்டேன்."

அக்கா திரும்பி அவன் முகத்தைப் பார்த்து, "துணியால தொடைக்காதே" என்றார்கள். அவ்வளவுதான். சாவியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, நடந்தே ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தார்கள்.

சொன்ன திங்கட்கிழமை, சொன்ன காலை நேரத்துக்கு, அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒரு நாள் கூடத் தள்ளிப்போடவில்லை. திறந்ததை மூடாமல் அவர்கள் எழுந்துபோனது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். என் அழுகைக்காகப் போனார்கள். தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்துத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது போதகர் ஐயா ஜெபம் செய்தார். ஆமென் சொன்ன கையோடு அக்கா என் பக்கம் திரும்பி, "ஊறுதா?" என்றார்கள். "ஊறுதக்கா, காலையிலேயே போட்டுட்டான்" என்றேன். "மூடினதும் எட்டு போடச் சொல்லு. நேரா மலைப் பாதைக்கு எடுத்துட்டுப் போயிடப் போறான்" என்றார்கள். கதவு மூடிக்கொண்டது. வால்வு நன்றாகப் பொருந்திவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அக்காவின் இதயம் களைத்துவிட்டிருந்தது, அவர்கள் கண் விழிக்கவே இல்லை. கடைசி வார்த்தை என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் எதையோ சொல்லி மழுப்பினேன். இதுதான் அது.

அக்காவைத் தங்கள் மூத்தவராக நினைத்துப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கு நன்றி. உயிரைக் கொடுத்து முயன்ற டாக்டர்களுக்கு நன்றி. ராத்திரி பகல் பார்க்காமல் ஓடிய மஞ்சுநாத் குடும்பத்துக்கும், கௌதள்ளியிலிருந்து வேன் பிடித்து வந்த ஊர்க்காரர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், மைதானம் தந்த தலைமை ஆசிரியைக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். காப்பி குடித்துக்கொண்டே அப்படிப் பேசியவர்களுக்கும் நன்றி. இல்லாவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

டேனியல் சனி ஞாயிறுகளில் வந்து வந்து, தப்பாகப் பூட்டி, மறுபடி கழற்றி, கையெல்லாம் காயமாகி, போன மாதம்தான் மூடினான். அதே மைதானத்தில் எட்டு போட்டோம். இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது, ஒரு சத்தமும் இல்லை. அவன் வண்டியை நிறுத்திவிட்டு, "சின்னம்மா, யார்கிட்டச் சொல்றது?" என்று கேட்டான். அவனுக்காக நான் இங்கே சொல்கிறேன்.

அக்கா, மூடியாச்சு. நல்லாத் திரும்புது.

உன் தங்கை