உட்கார்ந்தே பார்க்கும் வேடிக்கை

எழுபதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், சித்திரையில் நடக்கும் மதுரைப் பொருட்காட்சிக்கு அய்யாவையும் கூட்டிப்போக நினைத்தேன். அம்மா இறந்த பிறகு அவர் திருச்சுழியைத் தாண்டி எங்கும் போகவில்லை. விடிகாலை பஸ்ஸில் அருப்புக்கோட்டை, அங்கிருந்து மதுரை, ராத்திரிக்கு அக்கா வீடு என்று எல்லாம் முடிவு செய்துவிட்டேன். அவருடைய முழங்கால் வலிதான் கவலையாக இருந்தது. ராட்டினத்தில் ஏற்ற முடியாது, கூட்டத்தில் நிற்கவைக்கவும் முடியாது.

அதனால் அவருக்கென்று யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "தண்ணிய பனை உசரத்துக்குப் பீச்சி அடிக்கிறாக. அதுல செவப்பு, பச்சைன்னு கலர் லைட்டு விடுறாக. பெஞ்சு போட்டிருக்கு, நீங்க உக்காந்தே பாக்கலாம்."

அப்போது அய்யா, வற்றிய கிணற்றின் அடியில் ஊறியதைச் சிரட்டையால் வழித்து என் மனைவி கொண்டுவந்திருந்த கலங்கல் தண்ணீரை, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ விழுற தண்ணி எங்க போகுது?"

எனக்கு எரிச்சல் வந்தது. இவருக்காக இத்தனை ஏற்பாடு செய்தால், கேட்கிற கேள்வியைப் பார்.

"தொட்டிக்குள்ள விழும். அதையே மோட்டார் வச்சுத் திரும்பவும் மேல ஏத்துவாக."

அவர் துணியைப் பிழியவில்லை. பிழிந்தால் சேறு இறங்கிவிடும். கடைசிச் சொட்டு தானாக விழும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

"அப்ப அத யாரும் குடிக்கிறதில்ல," என்றார். பிறகு குடத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்க. நான் இதப் பாத்துக்கிட்டு இருக்கேன்."