பிளாஸ்டருக்குக் கீழே ஒரு தலைமயிர்

என் மகளின் கிளினிக் புத்தகத்தில், தடுப்பூசி விபரம் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு தலைமயிர்த் துண்டு ஒட்டியிருக்கிறது. இரண்டு முனையிலும் பிளாஸ்டர், நடுவில் கறுப்பாக அது. பிளாஸ்டர் மஞ்சளாகிவிட்டது. மயிர் மட்டும் நேற்று விழுந்தது போல அப்படியே கிடக்கிறது. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அது என்னுடைய தலைமயிர். ஒட்டியவர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த மருத்துவமாது. ஊரில் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

என் தலைமயிரைப் பற்றி நானே சொல்வது பெருமையடிப்பதுதான். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் மிச்சம் ஒன்றும் விளங்காது. பின்னிவிட்டால் முழங்காலைத் தொடும். எங்கள் ஊர் நாரந்தனைக்கு என்னைப் பெண்பார்க்க வந்த மச்சாள், அதாவது கணவரின் அக்கா, என் முகத்தை வடிவாகப் பார்த்தாரோ தெரியாது, பின்னலைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார். “சாதகத்தைப் பிறகு பாப்பம், எனக்கு இந்தத் தலைமயிர் காணும்” என்று அப்பாவிடம் சொன்னார். கலியாணம் கட்டிக் கணவரின் ஊரான சரவணைக்கு வந்தபிறகும் சனிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து முழுகவார்த்து, சாம்பிராணிப் புகை பிடித்து உலர்த்திவிடுவது அவர்தான். தனக்கென்று கலியாணம் செய்யாமல் தம்பியின் வீட்டைக் கட்டிக்காத்த மனுசி. கணவர் மன்னாரில் வேலை பார்த்தார், மாதத்தில் இரண்டு தடவை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மச்சாளும் கைக்குழந்தையும் மட்டும்.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்த கிழமை, கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தபோது கையோடு ஒரு பிடி வந்தது. உதறினேன், போகவில்லை. விரல்களுக்கிடையில் சுற்றிக்கொண்டு நின்றது. இன்னொரு வாளி ஊற்றினேன், இன்னொரு பிடி வந்தது. கிணற்றுக்கட்டில் அப்படியே குந்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சருக்குத் தலைமயிர் போனது நினைவுக்கு வந்தது, அவர் பிறகு வகுப்புக்கு வரவேயில்லை. எனக்கும் அந்தப் பெரிய வருத்தம், புற்றுநோய்தான் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். பிள்ளை பெற்றவளுக்குத் தலைமயிர் இப்படிக் கொட்டும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.

சீப்பில் வருகிற மயிரை உருண்டையாகச் சுற்றி வேலிக் கிடுகுக்குள் செருகுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குக் கொட்டியதைச் செருகப் போயிருந்தால் வேலியில் ஓலை தெரிந்திருக்காது. வெற்றுப் பால்மா டின் ஒன்றில் அமுக்கி, அலுமாரியில் என் சேலைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். நெற்றி நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டு போனது. வாடைக்காற்றுக் காலம் எனக்குக் கைகொடுத்தது. பனி பிடித்துவிடும் என்று சொல்லி நாள் முழுக்கத் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். முழுகவார்க்க வந்த மச்சாளையும் சளி, தடிமன் என்று ஏய்த்தேன். எந்த மயிரைப் பார்த்து என்னை எடுத்தாரோ அது போய்விட்டது என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிஸ்ஸிக்கு அப்போது ஐம்பது வயதுக்குக் கிட்ட. வெள்ளை உடுப்பு, பழைய ஸ்கூட்டர், வெட்டொன்று துண்டிரண்டு என்ற பேச்சு. கதிரையை இழுத்துப் போட்டாலும் இருக்கமாட்டார், நின்றபடியே தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். அந்த மாதம் வந்தபோது பிள்ளையைத் தராசில் நிறுத்து, புத்தகத்தில் எழுதி, திரும்பும்போது கேட்டார்.

“தலைமயிர் கொட்டுதோ உமக்கு?”

தேத்தண்ணீரோடு பக்கத்தில் நின்ற மச்சாள் சிரித்தார். “இவவுக்கோ மிஸ்ஸி? கொட்டினாலும் அது குறையிற சாமானே?”

“இல்லை மிஸ்ஸி” என்றேன். அவர் கேட்டு முடிக்க முதலே சொல்லிவிட்டேன் போலிருந்தது.

மிஸ்ஸி என் துவாயை ஒருமுறை பார்த்தார். “அப்ப சரி. கொட்டினால் ஒருக்கால் சொல்லும், பிள்ளையின்ர விசயம் ஒண்டு அதோட இருக்கு” என்று சொல்லி ஹெல்மெட்டைப் போட்டார். பிள்ளையின் விசயம் என்னவென்று அப்போதாவது கேட்டிருக்கலாம். ஸ்கூட்டர் படலையைத் தாண்டியதும் அப்பாடா என்று இருந்தது எனக்கு.

இரண்டு கிழமை கழிந்திருக்கும். மழையும் காற்றும் விடவேயில்லை. குளிருக்குப் பயந்து பிள்ளையை இரண்டு நாள் குளிக்கவார்க்காமல் முகத்தையும் உடம்பையும் மட்டும் துடைத்துவிட்டோம். லண்டனில் இருந்து கணவரின் சித்தி அனுப்பிய கம்பளிச் சொக்ஸ் அந்த இரண்டு நாளும் காலைவிட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடியப் பிள்ளை அழத் தொடங்கியது. பசி அழுகை எனக்குத் தெரியும், நித்திரை அழுகையும் தெரியும். இது வேறு. பால் கொடுத்தால் வாயை எடுத்துவிட்டு வீரிட்டது. மச்சாள் வயிற்றுக்குத்து என்றார், ஓமத்தண்ணீர் பருக்கினோம். தோளில் போட்டு நடந்து நடந்து என் கால் ஓய்ந்தது. பத்து மணியாகியும் அழுகை நிற்கவில்லை.

“இது நாவூறு பிள்ளை. ஆரோ கண் வைச்சிட்டினம்” என்றார் மச்சாள். சிரட்டையைக் கொளுத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்தார். “தாயின்ர தலைமயிரும் கொஞ்சம் போடோணும். சீப்பில கிடந்தால் எடுத்து வாரும்.” நான் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, டின்னுக்குள் இருந்து ஒரு சின்ன உருண்டை எடுத்து வந்து கொடுத்தேன். மச்சாள் எல்லாவற்றையும் பிள்ளையின் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டார். மிளகாய் கமறவில்லை. “பாத்தீரோ, எவ்வளவு கண் பட்டிருக்கு” என்றார். என் தலைமயிர் எரிந்த நாற்றம் குசினி முழுக்க நின்றது. அந்த நேரத்தில் என்னுடைய இன்னொரு மயிர் என் பிள்ளையை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால், ஒன்பது வருடம் கழித்தும் என் உடம்பு கூசுகிறது.

தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு மச்சாள் படலைக்கு ஓடி மறித்தார். மிஸ்ஸி வேறு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். உள்ளே வந்தார், புகையைப் பார்த்தார். பிள்ளையை வாங்கிக் கட்டிலில் கிடத்தி, “அழுற பிள்ளைக்கு முதல்ல உடுப்பைக் கழட்டிப் பாக்கோணும்” என்று சொல்லிக்கொண்டே சட்டையை, நப்பியை, கடைசியாகச் சொக்ஸைக் கழற்றினார். வலது காலில் ஒன்றுமில்லை. இடது காலில் பெருவிரலுக்குப் பக்கத்து விரல் நாவற்பழ நிறத்தில் வீங்கிப்போய் இருந்தது. அடியில் ஒரு பள்ளம், நூலால் இறுக்கிக் கட்டியதுபோல.

பாம்பு கடித்ததாக்கும் என்று மச்சாள் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். மிஸ்ஸி மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு, “போன் லைற்றைப் பிடியும்” என்றார். பிடித்தேன். “ஆடாமல் பிடியும்!” என்று அதட்டினார். பள்ளத்துக்குள் கறுப்பாக ஏதோ மினுங்கியது. சின்ன இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து, கத்தரிக்கோலின் நுனியால் வெட்டி இழுத்தார். ஒரு சுற்று வந்தது. இன்னொன்று வந்தது. இன்னொன்றும் வந்தது.

“இது ஆரின்ர தலைமயிர்?”

நான் துவாயை அவிழ்த்தேன். அலுமாரியைத் திறந்து டின்னையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். மச்சாள் டின்னுக்குள் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டார். மிஸ்ஸிதான் பேசினார். “உள்ளுக்க இன்னும் கிடக்கோ தெரியேல்லை. ஓட்டோவைக் கூப்பிடுங்கோ, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போவம்.”

பட்டணத்துக்குப் போகிற பண்ணைப் பாலம் அன்றைக்குப் போல நீண்டு கிடந்ததை நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் கடல், மழை, ஓட்டோவுக்குப் பின்னால் நனைந்துகொண்டு மிஸ்ஸியின் ஸ்கூட்டர். விரல் போய்விடுமா என்பது மட்டும்தான் என் மண்டைக்குள். டொக்டர் பூதக்கண்ணாடி வைத்து இன்னொரு சுற்றை எடுத்தார். பிறகு காத்திருக்கச் சொன்னார். நானும் மச்சாளும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னேரமாகும்போது நாவற்பழ நிறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாக மாறியது. டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டு, “தப்பியிட்டுது” என்றார். அப்போதுதான் நான் அழுதேன், மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக அழுதேன்.

மிஸ்ஸி என்னைத் தேற்றவில்லை. வாங்கில் உட்கார்ந்து, தான் எடுத்த மயிரைக் கிளினிக் புத்தகத்தில் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினார். “பிள்ளை பெத்த எல்லாருக்கும்தான் கொட்டுறது. வருத்தமில்லை. திரும்ப முளைக்கும். ஆனால் அது பிள்ளையின்ர விரலில போய்ச் சுத்தும். அதைச் சொல்லத்தான் அண்டைக்குக் கேட்டனான்” என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “பிழை என்ர. நான் உம்மட வாயைக் கேட்டிட்டுப் போயிட்டன். தலையைப் பாத்திருக்கோணும்.” வைதிருந்தால் தாங்கியிருப்பேன், அதைத் தாங்க என்னால் ஏலாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் மச்சாள் கத்தரிக்கோலோடு வந்தார். “இரும்” என்றார். கழுத்தளவுக்கு வெட்டினார். வெட்டும்போது அவர் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. “என்னட்டச் சொல்ல உமக்கு என்ன பயம்? தலைமயிருக்கே நான் சோறு போடுறன்?” என்று மட்டும் கேட்டார். பிள்ளையின் எட்டாம் மாதத்தில் என் நெற்றியோரமெங்கும் குட்டி மயிர் குத்திட்டு முளைத்தது. இப்போது இடுப்பு வரை இருக்கிறது, முழங்காலுக்கு அது பிறகு போகவேயில்லை. மிஸ்ஸி அதற்குப் பிறகு ஒரு தாயிடமும் தலைமயிர் கொட்டுதோ என்று கேட்டதில்லையாம். வீட்டுக்குள் வந்ததும் “அவிழும், பாப்பம்” என்பாராம். ஓய்வு பெற்றுப் போகும்வரை அப்படித்தான் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள்.

போன கிழமை நாரந்தனைக்குத் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். அவளுக்கு நாலு மாதப் பிள்ளை. ஏணையில் நித்திரையாய்க் கிடந்தது, காலில் சொக்ஸ். தங்கச்சியின் தலையில் துவாய். வெளியில் வாடையுமில்லை, மழையுமில்லை, நல்ல வெயில்.

“தலைமயிர் கொட்டுதோ உனக்கு?”

“இல்லையக்கா” என்றாள். நான் கேட்டு முடிக்கவில்லை.

இதற்கென்றே கைப்பையில் கொண்டுபோயிருந்த கிளினிக் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து அவளுடைய மடியில் வைத்தேன். எழுந்து போய் ஏணைக்குள் கையை விட்டுச் சொக்ஸைக் கழற்றினேன். பத்து விரலையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். பத்தும் ரோசா நிறத்தில் இருந்தன. பிறகு சொக்ஸை உட்புறமாகப் புரட்டினேன். இடது காலுக்குரியதில், விரல் நுழையும் இடத்தில், ஒரு நீளத் தலைமயிர் இன்னும் எதையும் சுற்றாமல் கிடந்தது.

அதை எடுத்துவந்து, புத்தகத்தில் பழையதற்குப் பக்கத்தில் வைத்தேன். தங்கச்சி இரண்டையும் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்காமலே துவாயை அவிழ்த்தாள்.