ரஞ்சனின் மூன்று ஆட்டங்கள்

நேற்று வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பத்துக்காக நின்றேன். முன்னால் நின்றவர் முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் பூசியிருந்தார் போல, வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பார்சலை வாங்காமலே வெளியே வந்து ஸ்டேஷன் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னால் இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்பார்கள்.

எனக்கு அது ரக்பிக்காரர் உடை மாற்றும் அறையின் வாசனை. சிட்னிக்கு வந்த புதிதில் கிழமை நாட்களில் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன். சனிக்கிழமைகளில் ஒரு சின்ன ரக்பி கழகத்தில் தண்ணீர்ப் போத்தல் தூக்கினேன். எனக்கும் ரக்பிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. பந்து என் கைக்கு வந்தால் யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். என்னை இழுத்துக்கொண்டு போனவன் ரஞ்சன்.

ரஞ்சன் கொழும்பில் பள்ளிக்கூட ரக்பியில் வளர்ந்தவன். கழுத்து என்று தனியாக ஒன்று அவனுக்குக் கிடையாது. இலங்கை அணிக்கு வெளிநாட்டில் இருப்பவர்களையும் பார்க்கிறார்கள் என்று அந்த வருடம் செய்தி வந்தது. ஆளுக்கு முப்பத்திரண்டு வயது. இதை விட்டால் இன்னொரு தடவை இல்லை.

சீசன் தொடங்குமுன் எல்லோருக்கும் தலைப் பரிசோதனை உண்டு. பத்துச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அந்தப் புள்ளிகளை எழுதி வைப்பார்கள். பிறகு ஆட்டத்தில் தலை அடிபட்டால் திரும்பச் செய்து ஒப்பிடுவார்கள்; குறைந்தால் வாரக்கணக்கில் வெளியே. தாளும் பேனாவும் என் கையில். அங்கே ஓடாமல் நின்றவன் நான் ஒருவன்தானே!

பத்தையும் வாசித்தேன். மூன்றைச் சொல்லிவிட்டுக் கண்ணடித்தான்.

“டேய், ஒழுங்காச் சொல்லு.”

“இப்ப குறைச்சு எடுத்தாத்தான் மச்சான், அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது. நீ எழுது.”

ஒற்றைக் காலில் நின்று வேண்டுமென்றே விழுந்தான். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை இன்னொருவனின் முழங்கால் அவன் தலையில் மோதியது. எழுந்தவன் எதிரணியோடு போய் நின்றான். அந்தக் கிழமையே பரிசோதித்த டொக்டர், என் தாளைப் பார்த்துவிட்டு முன்னதைவிட நல்லாயிருக்கிறது என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இறங்கினான், திரும்பவும் அடிபட்டான். திரும்பவும் அதே தாள், அதே நான்.

அணியில் எடுபட்டுப் போனான். இலங்கைக்காக மூன்று ஆட்டங்கள். கம்ப்யூட்டரில் விக்கி விக்கி வந்த படத்தில் பார்த்தேன். ஒன்றில் இரண்டு பேரை முதுகில் சுமந்துகொண்டே கோட்டைத் தாண்டினான். நான் அழுதேன், இதில் என்ன வெட்கம். அதன்பிறகு தலையிடி, கோபம், மறதி, வேலையும் போயிற்று.

நேற்று ஸ்டேஷனில் ஏறி இறங்கியது போதும் என்று ரயிலேறி அவன் வீட்டுக்கே போனேன். மனைவி சுஜி கதவைத் திறந்தாள். ரஞ்சன் கதிரையில் இருந்தான்.

“புது டொக்டர் பழைய அடிகளைப் பற்றிக் கேக்கிறார் அண்ணா. அப்ப செக் பண்ணினவைதானே? ஒண்டும் காட்டேல்லையோ?”

“காட்டியிருக்கும் சுஜி. நான் பிழையா எழுதினனான். தெரிஞ்சுதான் எழுதினனான்.”

அவள் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏன் அண்ணா?”

“இலங்கைக்கு விளையாட வேணுமெண்டு நிண்டவன்...”

ரஞ்சன் ஆவலாகத் திரும்பினான். “ஆர் மச்சான் விளையாடினது?”

“நீதான்.”

மூன்று ஆட்டங்களையும் சொன்னேன். யாரோ ஒருவனின் கதையைப் போல ரசித்துக் கேட்டான். சுஜி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

“நல்லா விளையாடினனானோ?”

“ஓம்,” என்றேன்.

அந்த மூன்றுக்காகத்தான் இவ்வளவும். அதில் ஒன்றுகூட இப்போது அவனிடம் இல்லை.