மூன்றாவது டப்பா

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. என் பெரியம்மா மகளுக்கு நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

அவளை நாங்கள் மைனா என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயவே ஓயாது. அந்த வாய்க்கேற்ற வேலையும் அமைந்தது. ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு வரும் போன்களை வீட்டிலிருந்தே எடுத்து, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். கணவன் விபத்தில் காலை உடைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டில் படுத்திருந்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த வேலையோ இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

புதிதாகக் குடிபோன வாடகை வீட்டில், மேசை போட மாடி அறையில்தான் இடம் இருந்தது. அங்கே வைஃபை எட்டவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துவிடும். இரண்டு தடவை அப்படி ஆனதும் மேலதிகாரி அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வியாழக்கிழமை மத்தியானம் நீ பேசற போன் காலை நான் கூடவே கேட்டுட்டு இருப்பேன். அன்னிக்கும் கட் ஆச்சுன்னா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை, மைனாவின் கொழுந்தன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். செல்போன் கடையில் வேலை பார்ப்பவன்.

"அண்ணி, இதுக்குப் பேரு மெஷ். மூணு டப்பா, வைஃபையை ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குக் கடத்தி வீடு பூரா பரப்பும். இனிமே நீங்க பாத்ரூம்ல உக்காந்துகூட கால் எடுக்கலாம்."

"உன் வாயில சோப்பைப் போட்டுக் கழுவணும். மாடில எடுக்குமா, அதைச் சொல்லு."

கம்பெனிக்காரர்கள் கொடுத்த பைபர் ரவுட்டர், ஹாலில் வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் காலத்தில் மாட்டியது. ஆள் மாறியதும் இணைப்பை மைனா பெயருக்கு மாற்றினார்களே தவிர, ரவுட்டரை யாரும் தொடவில்லை. கொழுந்தன் அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து முதல் டப்பாவை ஹாலில் வைத்தான். இரண்டாவது, மாடிப்படி திரும்பும் இடத்தில். மூன்றாவது, மாடி அறை அலமாரியில். அலமாரிக்குக் கீழே வீட்டுக்காரர்களின் பழைய இரும்புக் கட்டில் ஒன்று மெத்தை இல்லாமல் கிடந்தது.

பிறகு ரவுட்டருடைய சொந்த வைஃபையை அணைத்தான். "இல்லேன்னா ரெண்டும் மாமியார் மருமக மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் அண்ணி."

அந்த டப்பாக்களுக்கான செயலியை மைனாவின் போனில் ஏற்றினான். அது, புது வைஃபைக்குப் பெயர் வைக்கச் சொன்னது. ரவுட்டரின் தலையில் ஒட்டியிருந்த ஒரு துண்டில், பழைய பெயரும் பாஸ்வேர்டும் யாரோ பேனாவால் எழுதியபடி இருந்தன. பெயர், 'கூடு'.

"பழசையே போட்டுடறேன். பேரும் பாஸ்வேர்டும் அதேன்னா, முன்னாடி ஒட்டினதெல்லாம் எதுவும் கேக்காம தானா வந்து ஒட்டிக்கும்."

வந்து ஒட்டிக்கொண்டன. டிவி, லேப்டாப், மைனாவின் போன், கொழுந்தனின் போன். மூன்று டப்பாவிலும் வெள்ளை விளக்கு. எந்தப் பொருள் எந்த டப்பாவில் ஒட்டியிருக்கிறது, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைக்கூட அந்தச் செயலி காட்டும். ஹால், படி, மாடி என்று டப்பாக்களுக்குப் பெயரும் வைத்துக் கொடுத்தான்.

அவன் வண்டியை எடுக்கும்போது மைனா மாடி ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"டேய்! மாடில என் போன், லேப்டாப் தவிர இன்னொண்ணு காட்டுதுடா. 'அப்பா'ன்னு பேரு."

"உங்க அப்பாவா இருக்கும்."

"எங்கப்பா வச்சிருக்கறது பட்டன் போன்டா!"

"அப்ப பக்கத்து வீட்டு ஓசிப் பார்ட்டி. விடுங்க அண்ணி."

அவன் போய்விட்டான். வீட்டில் மைனா மட்டும்.

மூன்று மணிக்கு அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரும்புக் கட்டில் அவள் முதுகுக்குப் பின்னால். முதல் கால் வந்தது. ஒரு வயதான அம்மா. மேலதிகாரி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதற்கான பச்சைப் புள்ளி திரையில் எரிந்தது.

"வணக்கம்மா, எந்தக் கண்ணுல தொந்தரவு?"

"இடது கண்ணும்மா. மங்கலா இருக்கு."

கிரீச்...

கட்டில்.

மைனா திரும்பிப் பார்த்தாள். வெறும் கட்டில். நடுவில் கம்பிகள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. யாரோ எழுந்தது போல.

மேசையில் போன். செயலி திறந்தபடியே கிடந்தது. மாடி. அப்பா. சிக்னல் முழுசு.

பக்கத்து வீட்டிலிருந்து ஒட்டினால் சிக்னல் முழுசாக இருக்காது. அறைக்குள் இருந்தால்தான் இருக்கும்.

"ஏம்மா..." என்றாள் அந்த அம்மா. "உன் பக்கத்துல யாரு இப்படி மூச்சு வாங்கறது?"

மைனாவுக்கு எதுவும் கேட்கவில்லை. மைக்குக்குக் கேட்டிருக்கிறது.

போனில் 'அப்பா'வைத் தொட்டாள். 'தடு' என்றிருந்த இடத்தை அழுத்தினாள்.

அலமாரியில் டப்பாவின் விளக்கு சிவப்பாக மாறியது.

"ஹலோ? ...ம்மா? ...க்கலை... ஹலோ?"

குரல் துண்டு துண்டாக அறுந்தது. திரையில் பச்சைப் புள்ளி மினுக்கியது. இன்னும் ஒரு விநாடி போனால் கால் போய்விடும். கால் போனால் வேலை போய்விடும்.

மறுபடி போனைத் தொட்டாள்.

'அனுமதி.'

வெள்ளை விளக்கு.

"ஆங், இப்ப கேக்குதும்மா," என்றாள் அந்த அம்மா.

"சொல்லுங்கம்மா... எந்தக் கிழமை வரீங்க?"

தன் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

சரக்...

தரையில் எதையோ இழுப்பது போல. அவள் நாற்காலியைத் தாண்டி. கதவுப் பக்கம்.

சரக்... சரக்...

அவள் திரும்பவில்லை. போனை மட்டும் பார்த்தாள்.

அப்பா... படி.

"வெள்ளிக்கிழமை காலைல வரேம்மா."

"சரிங்கம்மா... பேரு சொல்லுங்க..."

டொக்.

டொக்.

மரப்படியில். ஒவ்வொன்றாக.

பிறகு நின்றது. படி திரும்பும் இடத்தில். வெகு நேரம்.

மைனா அந்த அம்மா சொன்ன பெயரைத் தட்டச்சு செய்தாள்.

டொக்...

அப்பா... ஹால்.

மணி மூன்றே கால்.

அப்புறம் அந்தப் பெயரே பட்டியலில் இல்லை.

கால் அறுபடாமல் முடிந்தது. உடனே மேலதிகாரி அம்மா கூப்பிட்டாள். "பாஸ். அடுத்த மாசத்துலேர்ந்து நீ பர்மனென்ட். ஆனா ஒண்ணு. உங்கப்பாவை இனிமே வேற ரூம்ல உக்காரச் சொல்லு. அந்த அம்மா பேசப் பேச, அவர் 'பாப்பா, பாப்பா'ன்னு கூப்பிட்டுட்டே இருக்கார்."

மைனாவை வாழ்நாளில் யாரும் பாப்பா என்று கூப்பிட்டதில்லை.

அன்று அவள் அந்த வீட்டில் தங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மைனா பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தோம். மறுநாள் வீட்டுக்காரம்மாவிடம் போய், முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு நம்பரைக் கொடுத்தாள். "அந்தப் பொண்ணையே கேட்டுக்கோ."

போனை எடுத்தது ஒரு பெண். நடந்ததை மைனா சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா மாடிலதாங்க படுத்திருந்தார். நான் கீழ ஹால்ல, காதுல ஹெட்செட்டோட வேலை பாத்துட்டிருந்தேன். அந்த வீட்டுக்குள்ள டவர் எடுக்காது. வைஃபைலதான் கூப்பிடணும். அது மாடிக்கு எட்டாது. நெஞ்சு வலி வந்து என்னைக் கூப்பிட்டுப் பாத்திருக்கார். போகலை. போனைக் கையில பிடிச்சுக்கிட்டே இறங்கி வந்திருக்கார். படி திரும்பற இடம் வரைக்கும்தான் வர முடிஞ்சுது."

"அந்தப் போன்...?"

"அவரோட சேந்து விழுந்து நொறுங்கிடுச்சு. நானே குப்பைல போட்டேன்."



"ஹால் வரைக்கும் வந்துட்டாரா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வந்தார். அப்புறம் காணோம்."

"நேத்து மூணே காலுக்குத்தானே?"

மைனா அவளிடம் நேரத்தைச் சொல்லவே இல்லை.

"அப்பாவுக்கு அப்படி ஆனதுக்கப்புறம், புது வீட்டுல நானும் மூணு டப்பா வச்சிருக்கேங்க. பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு. எல்லாம் தானா ஒட்டிக்கட்டும்னு..."

அவள் குரல் இன்னும் தணிந்தது. பக்கத்தில் யாரோ தூங்குவது போல.

"நேத்து மூணே கால்லேர்ந்து இங்க லிஸ்டுல ஒண்ணு கூடுதலா இருக்கு. நான் சமையலறைக்குப் போனா அந்த டப்பா. படுக்கப் போனா அந்த டப்பா. என் போன் எதுல இருக்கோ... அதுலதான் அதுவும் இருக்கு."