சட்டி இல்லை, யோகண்ணை

யோகண்ணை போய்விட்டார்.

காலையில் அவருடைய மனைவி மஞ்சுளா அக்கா போன் எடுத்தார். "பிள்ளை, அண்ணை நித்திரையிலயே போயிட்டார்..."

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் பைப் வளைக்கும் ஃபக்டரியில் பதினாலு வருடம் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். வெள்ளிக்கிழமைகளில் ஃபக்டரியில் வெட்டும் கேக்கில் பெரிய துண்டைக் கண்ணால் அளந்து எடுக்கிற மனுசன். உங்களில் பலருக்கு 'டிராக்டர் யோகன்' என்றால்தான் தெரியும்.

அந்த டிராக்டர் கதையை எழுதாமல் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

லாஸ் என்ற டெனிஷ் கமக்காரர் தன் வயலில் ஓடித் தேய்ந்து, பழைய இரும்புக்குப் போட வைத்திருந்த டிராக்டர் அது. அதை வாங்கி, லாஸின் கொட்டிலிலேயே வைத்து, மூன்று வின்டர் அதோடு கிடந்தார். இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க, உடைந்த லொறி ஒன்றில் கழற்றிய டர்போவைப் பூட்டினார். டீசல் பம்பைத் திருகித் திருகி, இஞ்சின் குடிக்கிற அளவுக்கெல்லாம் டீசல் போக வைத்தார். அழுத்தம் தாங்காமல் ஹெட் காஸ்கெட் இரண்டு தரம் வெடித்தது. இரண்டு தரமும் "நல்லது, பவர் வருது" என்றார். இந்த மனுசனை என்ன செய்வது!

எல்லாம் டிராக்டர் புல்லிங் போட்டிக்கு. தெரியாதவர்களுக்கு... டிராக்டருக்குப் பின்னால் ஒரு பெரிய சறுக்கு வண்டியைக் கொழுவி விடுவார்கள். ஓட ஓட அதன் மேலே இருக்கும் பாரம் முன்னுக்கு நகர்ந்து வண்டியை மண்ணில் அழுத்தும். நூறு மீற்றர் இழுத்து முடித்தால் ஃபுல் புல். பெரும்பாலானவை பாதி வழியில் இருமிக்கொண்டு நின்றுவிடும்.

டெஸ்ட் பண்ணும்போது சீட்டில் இருப்பது என் வேலை. தான் சீட்டில் இருந்தால் இஞ்சின் சத்தம் சரியாகக் கேட்காதாம். நான் ஓட, அவர் காதைச் சாய்த்தபடி பக்கத்தில் நடப்பார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! மூண்டாவது சிலிண்டர் முனகுது!"

எனக்கு நாலும் ஒரே மாதிரித்தான் கேட்டன.

ஆனால் போட்டியில் அவர்தான் ஓடுவது என்று முதலே முடிவு. "நூறு மீற்றர், பிள்ளை. நான் செய்ததை நானே ஓடவேணும். ஒருக்கா ஓடினாக் காணும்."

முதல் போட்டி ஒரு கிராமத்துச் சம்மர் விழாவில். டிராக்டரை ஓடுகிறவரையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள், எல்லைக்கு மேலே ஒரு கிலோவும் போகக்கூடாது. லாஸின் தராசில் அவரையும் ஏற்றி நிறுத்துப் பார்த்துவிட்டோம். நாலு கிலோ குறைவு. நிம்மதி.

அங்கே போய் ஏறினால் ஒன்பது கிலோ கூட!

"ஃபோ துங்," என்றார் தராசுக்காரர். பாரம் கூடவாம். யோகண்ணைக்கு ஏறியதே கோபம்... "உங்கட தராசு பிழை!" என்று டெனிஷில் சத்தம் போட்டார். அந்த மனுசன் மணிக்கூட்டைக் காட்டினார். எங்கள் ஓட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

முன்னால் பாரத்துக்காகத் தொங்கும் இரும்புத் தட்டில் ஒன்றைக் கழற்றுவோம் என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. கழட்டினா மூக்கு மேல எழும்பும்."

பிறகு டிராக்டரை ஒருக்காச் சுற்றி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

"நீ ஏறு."

"அண்ணை, மூண்டு வருசமா ஆசைப்பட்டது நீங்கள்..."

"நான் தொண்ணூறு கிலோ. நீ கோழிக்குஞ்சு. ஏறு எண்டுறன்!"

ஹெல்மெட் என் கண்ணை மறைத்தது. தன் தொப்பியை மடித்து உள்ளே செருகிவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என்னோடு நிறுத்தபோது பாரம் எல்லைக்குள் வந்தது. எண்பத்தொரு மீற்றர் இழுத்தேன். கறுப்புப் புகையும் மண்ணும்தான் எனக்கு ஞாபகம். கயிற்றுக்கு வெளியே காதைச் சாய்த்துக்கொண்டு அவரும் கூடவே ஓடி வந்தாராம்.

இனித்தான் கூத்து. மஞ்சுளா அக்கா சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிவிட்டு வந்தார். "ஆராவது அந்த இறைச்சிச் சட்டியை எடுத்துத் தாங்கோ. ட்ரெய்லர்ல சும்மா வைச்சா ஆடிச் சிந்திப்போடும் எண்டு டூல்ஸ் பெட்டிக்குள்ளதான் வைச்சனான்."

டூல்ஸ் பெட்டி டிராக்டர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

திறந்தோம். ஆட்டிறைச்சிக் கறி. நாங்கள் போனதே ஆறு பேர், சட்டியோ கலியாண வீட்டுச் சட்டி! தராசுக்காரரே தூக்கி வைத்து நிறுத்துப் பார்த்தார். பதின்மூன்று கிலோ. இவ்வளவு குலுக்கலுக்கும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அக்கா மூடிக் கட்டினால் கட்டினதுதான்.

"ஐயோ, என்னாலதானே நீங்கள் ஓடேல்லை..." என்று அக்கா அழத் தொடங்கிவிட்டார்.

யோகண்ணை சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பதின்மூண்டு கிலோ கறியையும் சுமந்துகொண்டு எண்பத்தொரு மீற்றர் போயிருக்கு! என்ர இஞ்சினைப் பாரும், மஞ்சுளா!"

தராசுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு முதல் தட்டை அவருக்குத்தான் கொடுத்தார். அந்த மனுசன் உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுக இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். தராசில் ஏறமுன் நான் பெட்டியைத் திறந்து பார்த்து "சட்டி இல்லை!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்காமல் அவர் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணமாட்டார். லாஸ்கூடச் சொல்லப் பழகிவிட்டார்.

அடுத்த சம்மர் கத்தினேன். அவர் ஓடினார். ஃபுல் புல்.

கொடி ஆட்டின பிறகும் சீட்டைவிட்டு இறங்கவில்லை. நான் பயந்து ஓடிப் போனேன். ஹெல்மெட்டுக்குள்ளே அழுதுகொண்டிருந்தார்.

"காணும், பிள்ளை," என்றார். "வா, சாப்பிடுவம்."

இன்று பின்னேரம் அக்காவைப் பார்த்துவிட்டு லாஸின் கொட்டிலுக்குப் போனேன். யோகண்ணை டிராக்டரைக் கழுவி, துடைத்து, படங்கு போட்டு மூடி வைத்திருக்கிறார்... போன கிழமை செய்த வேலையாம்.

படங்கை விலக்கி டூல்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஸ்பனரும் ஒரு பழைய துணியும் கிடந்தன.

சட்டி இல்லை, அண்ணை.

நீங்கள் ஓடுங்கோ.